ஆலையில் ஒரு திங்கட்கிழமை: பதினாறு கோர் சர்வர் பாதி தூங்கிய கதை

குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் ஒரு தேயிலை ஆலை இருக்கிறது. சொந்தத் தோட்டம் இல்லாத ஆலை. சுற்றியுள்ள ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கி சிடிசி (நசுக்கி, கிழித்து, சுருட்டும் முறை) தூள் போடுகிறார்கள். இலையை லாரியிலிருந்து இறக்கும்போது ஒவ்வொருவருடைய மூட்டையிலிருந்தும் ஒரு கை அள்ளித் தட்டில் பரப்பி கேமராவில் படம் எடுப்பார்கள். இரண்டு இலை ஒரு மொட்டாக இருக்கும் கொழுந்து எவ்வளவு, கரட்டு இலை எவ்வளவு என்று ஒரு மென்பொருள் பிரித்துச் சொல்லும். அந்த மென்பொருளை எழுதியது நானும் கோயம்புத்தூரில் இருக்கும் என் தோழியும். அது தடுமாறிய கதையும், தடுமாற்றத்துக்கான காரணத்தைத் தேடிய கதையும்தான் இது. எங்கள் தப்பும் அதில் ஒரு பங்கு உண்டு.

முதலில் இயந்திரம். பழையதாக வாங்கிய சர்வர். இரண்டு சாக்கெட் (சிப் உட்காரும் இடம்), சாக்கெட்டுக்கு எட்டு கோர் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி), ஆக மொத்தம் பதினாறு. ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர் த்ரெடிங்கை பயாஸிலேயே (இயந்திரத்தின் அடிப்படை அமைப்பிலேயே) அணைத்திருந்தோம். இரண்டு சாக்கெட்டுக்கும் தனித்தனி நினைவகம் என்பதால் இது நூமா வகை: ஒரு சாக்கெட்டில் ஓடும் த்ரெட் (மென்பொருளின் ஒரு வேலை இழை) பக்கத்துச் சாக்கெட்டின் நினைவகத்தைத் தொட்டால் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும். லினக்ஸ், 4.1 வரிசை கெர்னல் (இயக்குதளத்தின் மையப் பகுதி). "ஓடுகிறதை எதற்குத் தொட வேண்டும்" என்ற கொள்கையால் பல வருடங்களாக அப்படியே இருந்தது. மென்பொருள் ஒவ்வொரு தட்டின் படத்தையும் பன்னிரண்டு பட்டைகளாக வெட்டி, பட்டைக்கு ஒரு த்ரெட் வீதம் ஓட்டும். பன்னிரண்டும் முடிந்தால்தான் அடுத்த கட்டம். நான்கு கோர் மிச்சம் இருக்கும்படி திட்டமிட்டுத்தான் பன்னிரண்டு என்று வைத்தோம்.

ஒரு தட்டுக்கு நான்கு விநாடி. அதுதான் வழக்கம்.

புகார்

ஜூலை மாதம். மழையும் மூடுபனியுமாக இருந்த ஒரு நாள், ஆலையில் தூள் போடும் வேலையைக் கவனிக்கும் டீ மேக்கர் அண்ணா போனில் கூப்பிட்டார். "தம்பி, உங்க மிஷினு திங்கக்கிழமை ஆனா மொடங்குது. லாரி ரோடு வரைக்கும் நிக்குது. வந்து பாருங்க."

ஒரு லாரியில் முப்பது, நாற்பது பேருடைய இலை வரும். தட்டுக்கு நான்கு விநாடி என்றால் இரண்டு, இரண்டரை நிமிடத்தில் படம் எடுக்கும் வேலை முடிந்துவிடும். திங்கள் மாலைகளில் அதே தட்டு எட்டரை, ஒன்பது விநாடி எடுத்தது. பறித்த இலை மூட்டைக்குள்ளேயே கிடந்தால் சூடேறிச் சிவந்துபோகும். வாட்டும் தொட்டிக்குப் போகத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் மேக்கருக்கு வயிற்றெரிச்சல்தான்.

அவர் காரணமும் வைத்திருந்தார். ஞாயிறு பறிப்பு இல்லாததால் திங்கட்கிழமை வரத்து அதிகம், அதனால் மிஷின் திணறுகிறது என்றார். எனக்கு இது ஒத்துவரவில்லை. வரத்து கூடினால் வரிசைதான் நீளும். ஒரு தட்டின் நேரம் ஏன் இரட்டிப்பாக வேண்டும்? ஒரு நேரத்தில் ஒரு தட்டுதானே ஓடுகிறது. ஆனாலும் திங்கட்கிழமைகளில் மட்டும்தான் நடக்கிறது என்ற கணக்கு சரியாகத் தோன்றியதால் வாயை மூடிக்கொண்டேன். அந்த வாரமே வியாழக்கிழமை நல்ல மழை, மாலையில் மூன்றே லாரி. அன்றும் ஒன்பது விநாடி. வரத்துக் கதை அதோடு போயிற்று.

தவறான சந்தேகங்கள்

இந்தப் பகுதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் உண்மையில் இரண்டு வாரம் போனது இங்கேதான்.

முதலில் சூடு. குன்னூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர். காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். காற்று மெலிந்திருந்தால் விசிறி அள்ளிப்போகும் வெப்பமும் குறையும். உயரம் கூடக்கூட சர்வரைச் சுற்றியிருக்கும் காற்றின் வெப்பநிலை வரம்பைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி சர்வர் கையேடுகளிலேயே எழுதியிருக்கும். ஆக, சிபியு சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறதோ என்று நினைத்தேன். மலைக்காரனுக்கு இது கவர்ச்சியான விளக்கம். ஆனால் மாலையில் அந்த அறையில் ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார முடியாது. கடிகார வேகத்தைப் பார்த்தேன். ஒரு மெகாஹெர்ட்ஸ் கூடக் குறையவில்லை.

அடுத்து வட்டு. தோழிதான் ஞாபகப்படுத்தினாள்: திங்களும் வியாழனும் மாலை ஐந்தரைக்கு முழு பேக்கப் ஓடுகிறது. பேக்கப்பை யாராவது மாலையில் வைப்பார்களா என்று கேட்காதீர்கள். மின்னலுக்குப் பயந்து ராத்திரி எட்டு மணிக்கு ஆலையில் சர்வரை அணைத்துவிடுவார்கள். மற்ற நாட்களில் மாறிய கோப்புகள் மட்டும் போகும், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். திங்களும் வியாழனும் எல்லாவற்றையும் ஜிஜிப்பில் சுருக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

சரி, கள்ளன் கிடைத்துவிட்டான் என்று நினைத்தோம். வட்டுக்காகக் காத்திருக்கும் நேரத்தைப் பார்த்தால், கிட்டத்தட்ட சுழியம். எங்கள் மென்பொருள் படத்தை கேமராவிலிருந்து நேரே நினைவகத்தில்தான் வாங்குகிறது, வட்டைத் தொடுவதே இல்லை. ஜிஜிப் ஒற்றை த்ரெட்டில் ஓடும், ஒரு கோர்தான் தின்னும். போதாக்குறைக்கு அதற்கு நைஸ் 19 (முன்னுரிமை எண்களில் மிகக் கீழானது) போட்டிருந்தோம். அதாவது வரிசையில் கடைசி ஆள். பன்னிரண்டும் ஒன்றும் பதின்மூன்று. கோர் பதினாறு. எல்லோருக்கும் ஆளுக்கொரு கோர் கொடுத்த பிறகும் மூன்று மிஞ்ச வேண்டும். ஓர் ஓரத்தில் ஒரு கோரில் ஓடும் ஜிஜிப், பன்னிரண்டு பேரின் வேலையை இரட்டிப்பாக்குவது எப்படி?

இரட்டைப்படை எண்களின் அமைதி

டாப் கட்டளை மொத்த சிபியு பயன்பாட்டை அறுபத்தைந்து சதவீதம் என்று காட்டியது. லோட் ஆவரேஜ் பதின்மூன்று சொச்சம். இரண்டையும் பார்த்துவிட்டு "இன்னும் இடம் இருக்கிறதே" என்று சொல்லத்தான் தோன்றும். நாங்களும் அதைத்தான் சொன்னோம். பதின்மூன்று பேர் வேலைக்குத் தயாராக இருக்கிறார்கள் என்பதை லோட் ஆவரேஜ் சொல்லும். அந்தப் பதின்மூன்று பேர் பதின்மூன்று இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்களா, எட்டு இடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்களா என்பதைச் சொல்லாது.

எம்பிஸ்டாட் கட்டளையை எல்லாக் கோருக்கும் தனித்தனியாக, விநாடிக்கு ஒரு முறை ஓடவிட்டேன். ஒற்றைப்படை எண் கோர்கள் 1, 3, 5 என்று 15 வரை அத்தனையும் நூறு சதவீதம். இரட்டைப்படையில் இரண்டு மூன்று மட்டும் ஓடுகின்றன, மற்றவை சும்மா கிடக்கின்றன. ஒன்றுவிட்டு ஒன்று என்றதும் மனசு ஹைப்பர் த்ரெடிங் ஜோடிகளுக்குப் போய்விட்டது. பயாஸில் அணைத்தது திரும்ப உயிர்பெற்றுவிட்டதோ என்று அரை நாள் அங்கே அலைந்தோம். அப்புறம்தான் எல்எஸ்சிபியு கட்டளை காட்டியதைப் பார்த்தோம். இந்த இயந்திரத்தில் கோர் எண்கள் சாக்கெட் வாரியாகப் போவதில்லை, மாறி மாறிப் போகின்றன: இரட்டைப்படை எல்லாம் முதல் சாக்கெட், ஒற்றைப்படை எல்லாம் இரண்டாவது சாக்கெட். ஆக, ஒரு சாக்கெட் நிரம்பி வழிகிறது, இன்னொன்றில் ஐந்தாறு கோர் காலி. இரண்டு சாக்கெட் இயந்திரத்தில் கை வைக்கும் யாரும் முதல் வேலையாக இந்த எண் வரிசையைப் பார்த்துத் தாளில் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டும். நாங்கள் ஒட்டவில்லை.

எந்த த்ரெட் எந்தக் கோரில் ஓட வேண்டும் என்று முடிவு செய்வது கெர்னலின் ஷெட்யூலர். பெர்ஃப் கருவியில் அதன் நிகழ்வுகளைப் பத்து விநாடி பதிவு செய்தோம். படம் தெளிவானது. இரண்டாவது சாக்கெட்டின் எட்டு கோரில் எங்கள் த்ரெட்கள் பத்து, சில ஓட்டங்களில் பதினொன்று. முதல் சாக்கெட்டில் ஜிஜிப்பும் எங்களுடையதில் ஒன்றிரண்டும். ஓடத் தயாரான த்ரெட் வரிசையில் நிற்க, பக்கத்திலேயே கோர் சும்மா இருக்கிறது. ஷெட்யூலர் செய்யவே கூடாத காரியம் இது ஒன்றுதான்.

இரட்டிப்புக்கும் இங்கேயே விடை இருந்தது, அது என் தப்பு. பன்னிரண்டு த்ரெட்டும் ஒரு தடுப்பில் சந்திக்க வேண்டும் என்றேனே, முன்னால் வந்து சேரும் த்ரெட் தூங்காமல் "எல்லோரும் வந்தாச்சா, வந்தாச்சா" என்று சுற்றிச் சுற்றிக் கேட்டபடி காத்திருக்கும்படி எழுதியிருந்தேன். தூங்கி எழும் சில மைக்ரோ விநாடியை மிச்சம் பிடிக்கிற புத்திசாலித்தனம். ஒரு கோரில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டால் அந்த இருவரும் முடிக்க இரண்டு மடங்கு நேரம் ஆகும். முடித்தவர்கள் தூங்கியிருந்தால் அவர்களுடைய கோர் காலியாகி, மாட்டிக்கொண்டவரில் ஒருவரை இழுத்துக்கொண்டிருக்கும். அவர்கள்தான் வெறுமனே சுற்றிக்கொண்டு கோரை விடாமல் பிடித்திருக்கிறார்களே! ஒரே ஒரு கோரில் இரட்டை ஆள் இருந்தாலும் பன்னிரண்டு பேருக்கும் எட்டு விநாடி. அதற்கு மேல் போன அரை, ஒரு விநாடிக்கு, பதினொரு பேர் ஒரே சாக்கெட்டின் கேஷில் (சிப்புக்குள் இருக்கும் சிறு நினைவகத்தில்) முட்டிக்கொண்டது காரணமாக இருக்கலாம். அதைப் பிரித்து அளக்கவில்லை.

உறுதி செய்துகொள்ள டாஸ்க்செட் கட்டளையால் த்ரெட்களைச் சாக்கெட்டுக்கு ஆறாக, கோருக்கு ஒன்றாகக் கட்டிப்போட்டோம். ஜிஜிப்புக்கும் தனியாக ஒரு கோர். பேக்கப் ஓடும்போதே நான்கு விநாடி வந்துவிட்டது. இயந்திரத்தில் குறையில்லை, இருக்கை ஒதுக்குவதில்தான் கோளாறு.

நைஸ் 19 ஏன் எடுபடவில்லை

காரணத்தைக் காட்டிக்கொடுத்தது ஒரு சின்னச் சோதனை. பேக்கப்பை நிறுத்திவிட்டு, வேறொரு எஸ்எஸ்ஹெச் இணைப்பில் நுழைந்து, ஒன்றும் செய்யாமல் சும்மா சுற்றும் ஷெல் லூப் ஒன்றை ஓடவிட்டேன். வட்டும் இல்லை, நினைவகமும் இல்லை. தட்டு ஒன்பது விநாடிக்குப் போனது. நைஸ் 19 கொடுத்தும் அதே ஒன்பது. அடுத்து எங்கள் மென்பொருளை ஒரு டெர்மினலில் கையால் துவக்கி, அதே டெர்மினலின் பின்னணியில் அதே லூப்பை ஓடவிட்டேன். நான்கு விநாடி. லூப் ஒன்றுதான், இயந்திரமும் ஒன்றுதான். மாறியது செஷன் (ஒரே நுழைவில் துவங்கும் வேலைகளின் தொகுப்பு) மட்டும்.

செஷன் என்றதும் தோழி, ஓடும் வேலைகளின் விவரம் இருக்கும் ப்ராக் அடைவுக்குள் போய் மென்பொருள், லூப் என்ற இரண்டு ப்ராசஸுக்கும் ஆட்டோகுரூப் என்ற கோப்பைத் திறந்தாள். இரண்டுக்கும் வேறு வேறு எண்.

ஆட்டோகுரூப் 2011-இல் லினக்ஸ் 2.6.38-இல் வந்தது. மைக் கால்பிரைத் எழுதியது. மேஜைக் கணினிக்காரர்களுக்கு அது வரப்பிரசாதம். ஒரு டெர்மினலில் கெர்னலை இருபது வேலையாகக் கம்பைல் செய்துகொண்டே இன்னொரு ஜன்னலில் படம் பார்த்தால், இருபது பேருக்கு எதிராக ஒரு ஆள் என்று படம் திக்கித் திக்கி ஓடும். ஆட்டோகுரூப் வந்ததும் ஒவ்வொரு செஷனும் ஒரு குழு. நேரம் முதலில் குழுக்களுக்கிடையில் சமமாகப் பிரியும், பிறகுதான் குழுவுக்குள் பிரியும். இருபது பேர் குழுவுக்குப் பாதி, ஒற்றை ஆள் குழுவுக்குப் பாதி.

இதற்கு இரண்டு பக்க விளைவு. ஒன்று, நைஸ் எண் தன் குழுவுக்குள் மட்டும்தான் செல்லும். குறித்த நேரத்தில் வேலைகளைத் துவக்கும் க்ரான்தான் பேக்கப்பையும் துவக்குகிறது, அது தனி செஷனில் வருகிறது. அந்தக் குழுவில் ஜிஜிப்பைத் தவிர வேறு யாரும் இல்லை. ஆளே இல்லாத அறையில் அடக்கமாக உட்கார்ந்து என்ன பயன்? நைஸ் 0-க்கு (வழக்கமான வேலைக்கு) எடை, அதாவது நேரப் பங்கின் அளவு, 1024, நைஸ் 19-க்கு 15 என்பது ஷெட்யூலரின் அட்டவணை. 15 ஆக இருக்க வேண்டிய ஜிஜிப், குழுவின் எடையான 1024 முழுவதையும் தானே தூக்கிக்கொண்டு நின்றது.

இரண்டாவதுதான் எங்களைக் கவிழ்த்தது. எங்கள் குழுவுக்கும் எடை 1024. அதைப் பன்னிரண்டு த்ரெட் பங்கு போட்டுக்கொண்டால் ஆளுக்குச் சுமார் 85. சாக்கெட்டுகளுக்கிடையில் சுமையைச் சமன் செய்யும் பகுதி, அந்தக் கெர்னலில், பிரதானமாக இந்த எடையின் சராசரியைத்தான் பார்த்தது.

மேக்கர் அண்ணாவுக்கு இதைச் சொல்லப் போய்தான் எனக்கே முழுதாகப் புரிந்தது. வெளியே மழை, கையில் டீயும் வர்க்கியும். "அண்ணா, ரெண்டு எடைக் கொட்டகை இருக்குன்னு வெச்சுக்குங்க. ஒவ்வொண்ணுலயும் எட்டு தராசு. முதல் கொட்டகையில ஒரே ஆள் 1,024 கிலோ இலையோட நிக்கறார். அடுத்த கொட்டகையில பன்னெண்டு பேர், ஆளுக்கு 85 கிலோ. மேஸ்திரி ரெண்டையும் கிலோவுல கூட்டிப் பாக்கறார். அங்கயும் ஆயிரத்துச் சொச்சம், இங்கயும் ஆயிரத்துச் சொச்சம். சரிசமமா இருக்கு, யாரும் நகர வேண்டாம்னு சொல்லிட்டாரு."

"அப்போ மொதக் கொட்டகையில ஏழு தராசு சும்மா கெடக்குமே?"

"கெடக்குதுங்க."

"ஆளை எண்ணாம மூட்டையை எண்ணுனா அப்படித்தான்," என்றார். நான் பல நாட்கள் பெர்ஃப் வெளியீட்டைப் பார்த்து எட்டிய இடத்துக்கு அவர் ஒரு வர்க்கியில் வந்துவிட்டார்.

எங்கள் பதிவில் ஒன்றிரண்டு த்ரெட் முதல் சாக்கெட்டிலும் இருந்ததல்லவா? அப்போது அந்தப் பக்கம் 1024-உம் 85-உம் சேர்ந்து 1109, இந்தப் பக்கம் பதினொரு 85, அதாவது 935. காலியாகக் கிடக்கும் சாக்கெட்தான் கெர்னலின் கண்ணுக்குச் சுமை கூடிய சாக்கெட்! சும்மா இருக்கும் கோர் அடுத்த சாக்கெட்டிலிருந்து வேலையை இழுக்கலாமா என்று பார்க்கும்போதெல்லாம், "நம்ம பக்கமே கனமாக இருக்கிறது, வேண்டாம்" என்ற பதில்தான் வந்திருக்கும்.

இதை நாங்கள் முதலில் கண்டுபிடித்ததாகச் சொல்ல ஆசைதான். 2016-இல் யூரோசிஸ் மாநாட்டில் வந்த ஓர் ஆய்வு லினக்ஸ் ஷெட்யூலரில் இப்படிக் கோர்களை வீணடிக்கும் நான்கு கோளாறுகளை விளக்கியிருக்கிறது. அதில் ஒன்று அச்சு அசலாக இதே குழுச் சமனின்மை. சராசரிக்குப் பதிலாக, கோர்களின் தொகுப்பிலேயே குறைந்த சுமையுள்ள கோரை வைத்து ஒப்பிடலாம் என்பது அவர்கள் சொன்ன தீர்வு. சும்மா இருக்கும் கோரின் சுமை சுழியம் என்பதால் ஏமாற வழியில்லை. பிரதான கெர்னலில் இந்தச் சமன் செய்யும் பகுதி 2020 ஜனவரியில் வந்த 5.5-இல் பெரிய அளவில் திருத்தி எழுதப்பட்டது. இடம் மிச்சமிருக்கும்போது எடையை விட்டுவிட்டு, ஓடும் வேலைகளின் எண்ணிக்கையையும் காலிக் கோர்களின் எண்ணிக்கையையும் பார்க்கும்படி மாற்றினார்கள். தலையை எண்ண ஆரம்பித்துவிட்டார்கள் என்று வையுங்கள்.

என்ன செய்தோம்

த்ரெட்களைக் கோரில் கட்டிப்போடுவதை அப்படியே நிரந்தரமாக விட்டுவிடலாம் என்றாள் தோழி. எனக்கு மனம் ஒப்பவில்லை. கட்டிப்போட்டவர்களை நகர்த்தும் உரிமை ஷெட்யூலருக்கு இல்லை. நாளைக்கு யாராவது இன்னொரு மென்பொருளை நிறுவி அது அதே கோரில் வந்து உட்கார்ந்தால், பன்னிரண்டில் ஒருவர் மட்டும் நொண்டுவார், மற்ற பதினொரு பேரும் அவருக்காகக் காத்திருப்பார்கள். அதைக் கண்டுபிடிக்க அன்றைக்கு நாங்கள் இருக்க மாட்டோம்.

சீசன் நடுவில் கெர்னலை மாற்றவும் துணியவில்லை. ஆட்டோகுரூப்பை கெர்னலின் சிஸ்கன்ட்ரோல் அமைப்பில் 0 ஆக்கி (அதாவது அணைத்து), எங்கள் மென்பொருளையும் க்ரானையும் மறுபடி துவக்கினோம். இந்தச் சர்வருக்கு மானிட்டரே கிடையாது. யாரும் அதில் படம் பார்க்கப் போவதில்லை. ஜிஜிப்பின் நைஸ் 19 முதல் முறையாக வேலை செய்தது. அடுத்த திங்கட்கிழமை ஐந்தரைக்கு பேக்கப் ஆரம்பித்தபோது நானும் மேக்கரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். நான்கு, நான்கு, நான்கு. நம்பிக்கை வராமல் நடுவில் ஆட்டோகுரூப்பை 1 ஆக்கி மறுபடி துவக்கினேன். ஒன்பது. "தம்பி, லாரி நிக்குது" என்று குரல் வந்ததும் திரும்ப 0.

பிறகு என் தப்பையும் திருத்தினேன். முன்னால் வந்த த்ரெட் சிறிது நேரம் சுற்றிவிட்டுத் தூங்கிவிடும். படத்தைப் பன்னிரண்டு பட்டையாக வெட்டாமல் நாற்பத்தெட்டுத் துண்டாக்கி, முடிக்கிறவர் அடுத்த துண்டை எடுத்துக்கொள்ளும்படி மாற்றினேன். இப்போது ஒருவர் பின்தங்கினால் ஒரு துண்டு அளவுக்குத்தான் தாமதம். இதை முதலிலேயே செய்திருந்தால் ஒன்பது விநாடி ஆறாக இருந்திருக்கும், யாரும் போன் செய்திருக்க மாட்டார்கள், ஷெட்யூலரின் கோளாறு இன்னும் அங்கேயே இருந்திருக்கும்.

டிசம்பரில் உறைபனி விழுந்து வரத்து குறைந்தபோது சர்வரை 5.10 கெர்னலுக்கு மாற்றினோம். பழைய பன்னிரண்டு பட்டை, சுற்றிக் காத்திருக்கும் மென்பொருளையே எடுத்து, ஆட்டோகுரூப்பை 1 ஆக்கி, பக்கத்துச் செஷனில் வெட்டி லூப்பை ஓடவிட்டோம். நான்கு விநாடி. எம்பிஸ்டாட்டில் ஒற்றைப்படையும் இரட்டைப்படையும் கலந்து ஓடின. ஆட்டோகுரூப்பை மட்டும் திரும்ப 0 ஆகவே வைத்துவிட்டு வந்தோம். கோர் எண் வரிசையைத் தாளில் எழுதி சர்வரின் கதவில் ஒட்டியும் விட்டோம். ராத்திரி எட்டு மணிக்கு அணைக்கும் வழக்கம் இன்னும் மாறவில்லை.